மேடே என்றால் மேடை அல்ல

எங்கள் ஊர்ப்பக்கத்தில் அப்போது ரேடியோ என்றால் மரத்தில் கட்டுவது. பெட்டிக்குள்ளிருந்து செய்தி சொல்வதற்குப் பெயர் டிரான்சிஸ்டர். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் புளியமரத்தில் குழாய்களை ஏற்றி, ஊர் முழுக்கக் கேட்கும்படி பாட்டுப் போடுவதுதான் ரேடியோ செட். என் அப்பா பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்தத் தொழில் செய்தார். நான்கு குழாய்கள், இரண்டு ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக், ஒரு தகரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள். ஆகவே, என் தாய்மாமா கப்பலில் ரேடியோ ஆபீசராக இருக்கிறார் என்று அம்மா பெருமையாகச் சொன்னபோது, கேட்டவர்கள் அத்தனை பேர் கண்முன்னும் ஒரே காட்சிதான் வந்தது. கப்பலின் உச்சியில் குழாய் கட்டி, நடுக்கடலில் மாமா பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்பாவுக்கு உண்மை தெரியும். தெரிந்தும் விடமாட்டார்.

“கப்பல்ல எத்தன கொழா மாப்ள?”

“ஒண்ணுகூட இல்லீங்க மாமா.”

“கொழா இல்லாம என்னய்யா ஆபீசரு?”

மாமா சிரித்துக்கொள்வார். மற்றவர்கள் சொல்வதைக் கேட்பதுதான் தன் வேலை என்று ஒருமுறை விளக்கப் பார்த்தார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, தூரத்துக் கப்பல்கள் தந்தி அடிப்பதைக் கேட்டு எழுதவேண்டும். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுத்தவன் போடும் பாட்டைக் கேட்பதற்கு ஆபீசர் எதற்கு என்றார்.

நான் நாலாம் வகுப்பு முடித்திருந்த கோடையில், கல்யாணம் செய்துகொள்வதற்காக மாமா லீவில் வந்தார். ஒரு தோல்பெட்டி, வாசனை சோப்பு, எனக்கு ஒரு பித்தளைத் திசைகாட்டி. இவற்றோடு ஒரு விசித்திரப் பழக்கத்தையும் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு மணி நேரத்திலும் இரண்டு தடவை, காலுக்கும் முக்காலுக்கும், சரியாக மூன்று நிமிடம் பேசமாட்டார். வாயில் இட்லி இருந்தால் மெல்லுவார். வாக்கியத்தில் பாதி இருந்தால் அப்படியே நிறுத்திவிடுவார். மூன்று நிமிடம் கழித்து மீதிப் பாதியைச் சொல்வார். அதற்குள் எங்களுக்கு முதல் பாதி மறந்துபோயிருக்கும்.

அம்மா அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார். அப்பா வாயுத் தொல்லை என்றார். எனக்கு மட்டும் மாமா கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காட்டினார். கண்ணாடியின் மேல் பதினைந்திலிருந்து பதினெட்டு வரை ஒரு சின்னச் சிவப்புத் துண்டு. நாற்பத்தைந்திலிருந்து நாற்பத்தெட்டு வரை இன்னொன்று. கப்பலில் அவர் அறைக் கடிகாரத்தில் இப்படித்தான் வரைந்திருக்குமாம். அந்த மூன்று நிமிடமும் உலகத்தில் எந்தக் கப்பலும் தந்தி அடிக்கக் கூடாது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு, எங்கேயாவது யாராவது ஆபத்தில் மெலிதாகக் கூப்பிடுகிறார்களா என்று கேட்கவேண்டும். ஏழு வருடம் கேட்டுக் கேட்டு, கரைக்கு வந்தாலும் முள் சிவப்பைத் தொட்டதும் வாய் தானாக மூடிக்கொள்கிறது என்றார்.

பெண் பார்க்கப் போன அன்றும் அது தானாக மூடிக்கொண்டது.

பெண் வீடு எறையூர் பக்கத்தில் ஒரு கிராமம். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு கொடுக்கும் குடும்பம். பெண்ணின் அப்பா வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை இல்லாமல் வெளியே வரமாட்டார். அன்று வீட்டுக்குள்ளேயே மடியில் குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காபி வந்தது, பெண் வந்தார், போனார். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோரும் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார்.

“தம்பிக்குக் கப்பல்ல என்ன வேலைன்னு சொன்னீங்க?”

சுவரில் மணி பதினொன்றேகால். மாமா அவரைப் பார்த்துப் பணிவாகப் புன்னகை செய்தார். அவ்வளவுதான். மூன்று நிமிடம் அந்தக் கூடத்தில் ஈ பறந்தது கேட்டது. அம்மா முழங்கையால் இரண்டு தடவை இடித்தும் பயனில்லை. கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கி, முடியாமல் தும்மலாக்கினார்கள். பதினொன்று பதினெட்டுக்கு மாமா வாயைத் திறந்தார்.

“கேட்டுக்கிட்டு இருக்கறதுதாங்க வேலை.”

பெண்ணின் அப்பா குடையை ஒருமுறை பார்த்தார். “பார்ப்போம்” என்றார்.

பின்னால் தரகர் மூலமாகச் சேதி வந்தது. ரேடியோ செட்டுக்காரருக்குப் பெண் கொடுப்பது ஒன்றும் கௌரவக் குறைவில்லை, ஆனால் அதைக் கப்பலில் போய்ச் செய்யவேண்டுமா என்று யோசிக்கிறாராம். முதல் பாதியைக் கேட்டு அம்மாவுக்குக் கோபம். இரண்டாம் பாதியைக் கேட்டு அப்பாவுக்குச் சிரிப்பு. மாமா அன்றிலிருந்து அடிக்கடி வாசலுக்குப் போய்த் தபால்காரரைப் பார்த்தார். லீவு முடிய ஐந்து வாரம் இருந்தது. இதை விட்டால் அடுத்த லீவுக்கு ஒன்றரை வருடம் ஆகும். தும்மலாக மாறிய அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடித்திருந்தது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் இல்லை என்றால் இந்தத் தடவை வேறு பெண் பார்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அந்தக் காத்திருப்பில்தான் அவர் எனக்கு மூன்று கூப்பாடுகளைச் சொல்லிக்கொடுத்தார், நேரம் போகாமல். வார்த்தையால் பேசும் ரேடியோவில் இவை உண்டு. கப்பலுக்கும் விமானத்துக்கும் ஒன்றுதான். எதையும் மூன்று முறை சொல்லவேண்டும். ‘செக்யூரிட்டே’ என்றால் எச்சரிக்கை. வழியில் கட்டை மிதக்கிறது, புயல் வருகிறது, பார்த்து வாருங்கள். ‘பான் பான்’ என்றால் அவசரம், உதவி வேண்டும், ஆனால் உயிர் போகும் நிலை இல்லை. ‘மேடே’ என்றால் உயிருக்கு ஆபத்து. பிரெஞ்சுக்காரர்களின் சொல், என்னைக் காப்பாற்று என்று அர்த்தம்.

ஒரே வாரத்தில் எங்கள் வீடு கப்பலானது. கணக்கு வாத்தியார் தெருமுனையில் தெரிந்தால் செக்யூரிட்டே. அடுப்பில் பால் பொங்கினால் பான் பான். அம்மா பேக்கரிக்காரர் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, இன்றைக்கு பன் வேண்டாம் என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

மேடேயை வீட்டில் ஒரே ஒருமுறைதான் எடுத்தேன். என் பாவாடையில் பல்லி விழுந்தது. மாமா குளியலறையிலிருந்து, தலை முழுக்க சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். பல்லியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டவில்லை.

“பல்லிக்கெல்லாம் இல்ல பாப்பா. அந்த வார்த்தயக் கேட்டா, கேட்டவன் எந்த வேலைல இருந்தாலும் போட்டுட்டு வந்தாகணும். அதனால சும்மா சொல்லக் கூடாது.”

கண்ணில் நுரை இறங்கி எரிய, அப்படியே தடவிக்கொண்டு திரும்பிப் போனார். அதற்குப் பிறகு வீட்டில் நான் அந்தச் சொல்லைத் தொடவில்லை.

சித்திரையில் மாரியம்மன் திருவிழாக்கள் தொடங்கின. அப்பாவுக்கு ஓய்வில்லாத மாதம். தேர் நாளுக்கு ஒரு கிராமத்தில் ரேடியோ செட் கட்ட அப்பா போன தையிலேயே வாக்குக் கொடுத்திருந்தார். எந்தக் கிராமம் என்று அம்மா கேட்டபோதுதான் வீட்டில் இடி விழுந்தது. பெண் வீட்டுக் கிராமம். போதாததற்கு அப்பாவின் உதவியாளருக்கு முதல் நாள் அம்மை போட்டுவிட்டது. செட்டுக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மரத்தில், ஒருவர் பெட்டியில்.

“நான் வரேன் மாமா” என்றார் மாமா.

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். “டேய், ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா? பொண்ணு ஊட்டுக்காரங்க ஊருடா அது. அங்க போயி ரேடியோ செட்டுக்கு உக்காந்தா, அவரு நெனச்சதுதான் சரின்னு ஆயிடாதா?”

“கொட்டாய்க்குள்ளதான இருக்கப் போறேன்? யாருக்குத் தெரியும்?”

“அந்தக் கொடக்காரருக்குத் தெரிஞ்சா போதும்.”

கடைசியில் ஓர் ஏற்பாடு ஆனது. மாமா கொட்டகைக்குள்ளேயே இருப்பார், வெளியே தலை காட்டமாட்டார். நான் வாசலில் காவல். கறுப்புக் குடையைக் கண்டால் மூன்று முறை செக்யூரிட்டே சொல்லவேண்டும். மாமா பின்பக்கப் படுதாவுக்கு அந்தப்புறம் போய்விடுவார். எனக்கு அந்தப் பொறுப்பு மிகவும் பிடித்திருந்தது. பித்தளைத் திசைகாட்டியை எடுத்துக்கொண்டேன். அதற்கு அங்கே வேலை எதுவும் இல்லை.

கோயில் நடுவில் இருந்தது. கிழக்கே திடல், திடலின் மறுகோடியில் நாடக மேடை. கோயிலுக்கு மேற்கே பெரிய கரும்புத் தோட்டம். பெண்ணின் அப்பாவுடையதுதான். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வராமல் ஆள் உயரத்தைத் தாண்டி ஓங்கி நின்றிருந்தது. அதற்குள் இறவைக் கிணறு ஒன்று, சுற்றுச்சுவர் இல்லாதது. எங்கள் கீற்றுக் கொட்டகை கோயிலுக்கும் கரும்புக்கும் நடுவில். நான்கு திசைக்கு நான்கு குழாய்.

காலை பத்து மணிக்கெல்லாம் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருபக்கம் பறை, ஒருபக்கம் நாயனம், ராட்டினத்தின் கிறீச், ஐஸ் வண்டி மணி. பலூன்காரர் ஒருவர் தகரத்தில் செய்த பீப்பி விற்றார். ஊரில் இருந்த அத்தனை பிள்ளைகள் வாயிலும் அது இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் நான்கு குழாய்கள். அவ்வளவு சத்தத்திலும் மாமா காலுக்கும் முக்காலுக்கும் கண்ணை மூடி உட்கார்ந்தார். இசைத்தட்டு அதன் பாட்டுக்குச் சுற்றியது.

பதினொன்றரைக்கு மேற்குப் புளியமரத்துக் குழாய் கரகரவென்றது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் குறடுடன் மரம் ஏறினார். அவர் ஏறிய சற்று நேரத்தில் கூட்டத்தின் மேல் மிதந்தபடி கறுப்புக் குடை வந்தது. நேராகக் கொட்டகையை நோக்கி வந்தது. சாதாரண நடை இல்லை.

“செக்யூரிட்டே, செக்யூரிட்டே, செக்யூரிட்டே!”

மாமா ஒரு நொடியில் படுதாவுக்குப் பின்னால் போய்விட்டார். சுற்றும் இசைத்தட்டும் நானும் மட்டும் மிஞ்சினோம். குடைக்காரர் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் பெண். மூச்சிரைத்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த கூட்டத்தில் நானும் இருந்தேன் என்பது அவர்களுக்கு ஞாபகம் இல்லை. பெரியவர்கள் அப்படி வரும் இடங்களில் பிள்ளைகளைப் பார்ப்பதில்லை.

“பாப்பா, ரேடியோ செட்டுக்காரரு எங்க?”

நான் மரத்தைக் காட்டினேன்.

“எறங்கச் சொல்லு. மைக்குல சொல்லணும். எம் பேரனக் காணோம். நாலு வயசு.”

“இப்பத்தான்பா பீப்பி வாங்கிக் குடுத்தேன். கையத்தான் புடிச்சிருந்தான்” என்று பெண் சொல்லிக்கொண்டே இருந்தார். காணாமல் போனவன் அவருடைய அக்கா மகன். “கெணத்துப் பக்கம் போயிருப்பானோ?”

அவர் அந்தச் சொல்லைச் சொன்னதும் குடைக்காரர் முகம் மாறியது. நான் அப்பாவைக் கூப்பிட்டேன். காதுக்கு ஒரு முழத்தில் குழாய் அலறும் மனிதருக்கு எது கேட்கும்? மாமாவைக் கூப்பிடக் கூடாது. அம்மா அவ்வளவு சொல்லியிருந்தார். எங்களோடு வந்திருந்த அம்மாவோ அந்த நேரம் கோயில் வாசலில் மாவிளக்கு வரிசையில் நின்றார். நானே இசைத்தட்டின் முள்ளைத் தூக்கினேன். தூக்கவில்லை, இழுத்தேன். அந்தக் கீறல் சத்தம் நான்கு திசையிலும் போனது. மைக்கைப் பிடித்தேன்.

அந்த இடத்தில் நான் கொஞ்சம் யோசித்தேன் என்பது இன்றும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பான் பானா, மேடேயா? பையன் காணாமல்தான் போயிருக்கிறான், ஒன்றும் ஆகவில்லை. ஆகவே பான் பான். ஆனால் கிணறு இருக்கிறது, சுவர் இல்லை. பல்லிக்குச் சொன்னதற்கே மாமா சோப்போடு வந்தாரே. இதற்குச் சொல்லாமல் எதற்குச் சொல்வது?

“மேடே, மேடே, மேடே!”

இதற்கு அடுத்து யார், எங்கே, என்ன ஆபத்து என்று சொல்லவேண்டும். மாமா அதையும் சொல்லிக்கொடுத்திருந்தார். என் குரல் நான்கு மரங்களிலிருந்து எனக்கே திரும்பி வந்ததில் அதெல்லாம் மறந்துபோனது. மைக்கைக் கீழே இறக்கிவிட்டேன்.

ஊர் தனக்குத் தெரிந்த சொல்லாக அதை எடுத்துக்கொண்டது.

“மேடையா? மேடைல என்னவாம்?”

“மேடை சாயுதாம்ல!”

திடல் முழுவதும் ஒரே மூச்சில் கிழக்கே திரும்பி நாடக மேடையை நோக்கி ஓடியது. இருபது அடி தூரம் போவதற்குள் மேடை சாய்ந்துவிட்டது. நாற்பது அடியில் இரண்டு பேர் அடியில் சிக்கிக்கொண்டார்கள். மேடையில் தோரணம் கட்டிக்கொண்டிருந்த ஆள், ஆயிரம் பேர் தன்னை நோக்கி ஓடிவருவதைப் பார்த்துக் குதித்து ஓடினார். அதுதான் சேதி உறுதியானதற்கு அத்தாட்சி. செய்தி எப்படி உண்டாகிறது என்பதை நான் முதல்முதலில் பார்த்தது அன்றுதான். பிற்பாடு பத்திரிகையில் இருந்த வருடங்களில் அதே ஓட்டத்தைப் பல முறை பார்த்தேன்.

அப்போது படுதா விலகியது.

மாமா வெளியே வந்தார். குடைக்காரர் முகத்துக்கு முன்னால் ஓரடி தூரத்தில், தோளில் கறைபிடித்த துண்டும் கையில் ஸ்க்ரூ டிரைவருமாக, சந்தேகத்துக்கு இடமில்லாத ரேடியோ செட்டுக்காரராக நின்றார். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. என்னிடமிருந்து மைக்கை வாங்கினார். முதலில் ஏதோ கப்பல் பாஷையில் இரண்டு சொல் சொன்னார். பிறகு தமிழுக்கு வந்தார். அவசரமே இல்லாத குரல்.

“எல்லாரும் இருக்கற எடத்துலயே நில்லுங்க. மேடைக்கு ஒண்ணும் ஆகல. நாலு வயசுப் பையனக் காணோம். மூணு நிமிஷம் யாரும் பேசாதீங்க. மேளம் வேணாம். ராட்டினத்த நிறுத்துங்க. கொழந்தைங்க கையில இருக்கற பீப்பிய வாங்கி வச்சுக்கங்க. மூணே நிமிஷம்.”

ஆம்ப்ளிஃபயரையும் அணைத்தார், அதன் முனகல்கூட இருக்கக் கூடாது என்று. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்பு வருவதற்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. அவர் காத்திருக்கவில்லை.

பறைக்காரர்கள் தோலின் மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வை அடக்கினார்கள். ராட்டினம் ஒரு கடைசிக் கிறீச்சோடு நின்றது, உச்சியில் இருந்தவர்கள் உச்சியிலேயே இருந்தார்கள். பஜ்ஜிக் கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியின் இரைச்சல் தனியாகக் கேட்பதைக் கவனித்து, சங்கடப்பட்டுச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினார். அந்த அளவு மௌனத்தை நான் எந்தத் திருவிழாவிலும் கேட்டதில்லை. எங்கோ ஓர் ஆடு கத்திவிட்டு, தான் மட்டும் பேசுவதை உணர்ந்ததுபோல நிறுத்திக்கொண்டது.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

பீ.

மெல்லிய ஒலி. கூட்டத்துக்குக் கோபம் வந்தது. “எவன்டா அவன், இன்னும் ஊதறது?” என்று ஒரு பெரியவர் பல்லைக் கடித்தார். ஒரு தாய் தன் மகன் முதுகில் ஒன்று வைத்தார். அவன் பீப்பி அவர் கையில்தான் இருந்தது. மறுபடியும் பீ. எல்லோரும் பக்கத்திலிருந்த பிள்ளைகளையே முறைத்தார்கள்.

மாமா மட்டும் யாரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தார். வலது கை மெல்ல உயர்ந்து மேற்கே நீண்டது.

“கரும்புக்குள்ள.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் பெண் ஓடினார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கூரான கரும்புச் சோகைக்குள் தலையைக் குனிந்து நுழைந்தார். பின்னால் குடை போனது. பிறகு குடை மட்டும் வரப்பில் கிடந்தது. உள்ளே போனவர்களுக்கு இரண்டு கை தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. அந்த நேரத்தில்தான் புளியமர உச்சியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. அன்று நாள் முழுக்க மைக் இல்லாமல் அவர் பேசியது அப்போதுதான்.

“தோகை ஆடுது! இன்னும் வடக்கால! ஆங், நேரா! கெணறு ஒங்களுக்குச் சோத்தாங்கைப் பக்கம், பாத்து!”

மாமாவுக்குக் காது, அப்பாவுக்குக் கண். இருவரும் சேர்ந்து வேலை செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பெண் வெளியே வந்தபோது இடுப்பில் பையன் இருந்தான். கன்னத்தில் கண்ணீர்க் கோடு, வாயில் பீப்பி. அதை எடுக்கப் போன பாட்டனின் கையைத் தட்டிவிட்டு இன்னொரு முறை ஊதினான். கிணற்றுக்கும் அவன் நின்ற இடத்துக்கும் நடுவில் பத்து வரிசைக் கரும்புகூட இல்லை என்று பின்னால் சொன்னார்கள். பாதி நேரம் நாய்க்குட்டி ஒன்றைத் தேடினானாம். மீதி நேரம் வீட்டாரைத் தேடி ஊதினானாம். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அம்மா மாவிளக்குத் தட்டோடு ஓடிவந்து சேர்ந்தார். குடைக்காரரும் மாமாவும் நேருக்கு நேர் நிற்பதைப் பார்த்ததும், நடந்தது அத்தனையும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“இல்லீங்க, அது வந்து, ஆளுக்கு அம்மை போட்டிருச்சு, இவன் சும்மா ஒத்தாசைக்குத்தான்…”

குடைக்காரர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். மாமாவையே பார்த்தார்.

“தம்பி, கப்பல்லயும் இதேதான் வேலையா?”

“இதேதாங்க. பாட்டு மட்டும் கெடயாது.”

“பேசாம இருந்து கேக்கறது.”

“ஆமாங்க. மணிக்கு ரெண்டு தடவ. எல்லாக் கப்பலும்.”

“எல்லாக் கப்பலும் ஒரே நேரத்துல வாய மூடிக்குமா?” அவர் திடலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அதற்குள் பறையும் ராட்டினமும் முந்நூறு பீப்பிகளும் தொடங்கியிருந்தன. “நம்மூர்ல மூணு நிமிஷம் வாங்கறதுக்கே மாரியாத்தா கூட நின்னாத்தான் உண்டு.”

சோகை கிழித்த கைகளை முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்த பெண் அப்போது முதல் தடவையாக மாமாவிடம் பேசினார்.

“மூணு நிமிஷத்துல ஒண்ணும் கேக்கலன்னா?”

“அடுத்த காலுக்குத் திரும்பக் கேப்போம்” என்றார் மாமா.

“அப்பவும் கேக்கலன்னா?”

“முக்காலுக்குக் கேப்போம்.”

பெண் தலையை ஆட்டினார். சிரிப்பு வந்து, இந்த முறை தும்மலாகாமல் சிரிப்பாகவே முடிந்தது. குடைக்காரர் வரப்பில் கிடந்த குடையை எடுத்துத் தட்டி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டாள் ஒருவரை நோக்கிச் சத்தமாகச் சொன்னார்.

“எலேய், மாப்பிள்ளைக்கு மோர் கொண்டாடா.”

அம்மா மாவிளக்குத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு அழத் தொடங்கினார். அதைப் பார்த்து நானும் அழுதேன். எனக்குத் தெரிந்தவரை காவல் காத்த நான் கோட்டை விட்டேன். மாமா பிடிபட்டுவிட்டார், கல்யாணம் போயிற்று. அவர் ‘மாப்பிள்ளை’ என்றது என் காதில் விழத்தான் செய்தது. அப்பா தினமும் இருபது தடவை மாமாவை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். அதில் என்ன புதிதாக இருக்கிறது? சற்றுமுன் ‘தம்பி’ என்றவர் இப்போது ‘மாப்பிள்ளை’ என்றால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் நாலாம் வகுப்புப் பாடத்தில் இல்லை. செட்டை ஏற்றிவந்த வண்டியில் பெரம்பலூர் வரும்வரை விசும்பிக்கொண்டே வந்தேன்.

மாமா தேற்றினார், அவர் வழியில். “நீ சொன்னதுல ஒரே ஒரு தப்புதான். அடுத்தவங்க ஆபத்துக்கு நாம கூப்புட்டா, ‘மேடே ரிலே’ன்னு சொல்லணும்.”

“ரிலேயா?” என்றார் அப்பா முன்னாலிருந்து. “நல்லவேள சொல்லல. ரயிலுன்னு நெனச்சு அத்தன பேரும் அரியலூர் ஸ்டேஷனுக்கு ஓடியிருப்பானுவ.”

நான் முள்ளை இழுத்துக் கீறிய இசைத்தட்டில் அதன் பிறகு ஓரிடத்தில் பாட்டு தாண்டிக் குதிக்கும். அப்பா அதைத் தூக்கிப் போடவில்லை. வைகாசியில் மாமா கல்யாணத்தன்று நான்கு குழாயிலும் முதலில் அதைத்தான் போட்டார். தாலி கட்டும் நேரம் காலுக்கோ முக்காலுக்கோ வந்துவிடக் கூடாது என்று அம்மா ஐயரிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவைத்திருந்தார். ஐயர் ஒன்பது பத்துக்கே முடித்துவிட்டார்.

ஆனி பிறக்குமுன் மாமா கப்பலுக்குப் போனார். அத்தை சில மாதம் எங்கள் வீட்டில் இருந்தார். வந்த மறுவாரம், எங்கள் சுவர்க்கடிகாரத்தின் கண்ணாடியில், பதினைந்திலும் நாற்பத்தைந்திலும், நகத்துக்குப் போடும் சாயத்தால் இரண்டு சிவப்புத் துண்டுகள் இருந்தன. சாயந்திரங்களில் அம்மாவோடு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார், ஊர்க்கதை பேசுவார், அவரே சொன்ன கதைக்கு அவரே சிரிப்பார். முள் சிவப்பைத் தொட்டால் பேச்சு நின்றுவிடும். வெங்காயமும் கையோடு நிற்கும்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பெரம்பலூரிலிருந்து கடல் எங்கே இருக்கிறது? திசைகாட்டியை வைத்து அதைக்கூட அவருக்குக் காட்டினேன். அவர் அசையவில்லை. ஒருநாள் என் மேதாவித்தனத்தைக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

“அத்தை, கப்பல்ல ரேடியோ ரூம் கடிகாரம் லண்டன் நேரம். மாமாதான் சொன்னாரு. நமக்கும் அதுக்கும் அஞ்சர மணி நேரம் வித்தியாசம். நீங்க இங்க பேசாம இருக்கறப்ப, மாமா அங்க டீ குடிச்சிக்கிட்டு பேசிக்கிட்டு இருப்பாரு.”

முள் சிவப்பைத் தாண்டும்வரை அவர் பதில் சொல்லவில்லை. பிறகு சிரித்தார்.

“ஒனக்குக் கணக்கு வாத்தியாரு யாரு பாப்பா?”

சொல்லிவிட்டு வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். தோற்றுப்போனவர் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன். அம்மாவிடம் போய்ப் பெருமையடித்துக்கொண்டேன்.

பல வருடம் கழித்து, பத்திரிகை அலுவலகத்தில் ஒரு பிற்பகல், வெளிநாட்டுச் செய்தி ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். லண்டன் நேரத்தை நம் நேரமாக மாற்றவேண்டும். தினமும் செய்யும் வேலை, ஐந்தரையைக் கூட்டி எழுதவேண்டியதுதான். அங்கே மூன்றேகால். இங்கே எட்டே முக்கால் என்று எழுதினேன். எழுதிய பிறகு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கே கால் என்றால் இங்கே முக்கால். அங்கே முக்கால் என்றால் இங்கே கால். எந்த மணியானாலும் சிவப்பின் மேல்தான் சிவப்பு விழுகிறது.

அத்தை எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்.

அலுவலகச் சுவரில் கடிகாரம் இருந்தது. முக்காலாக ஒரு நிமிடம். பேனாவை மூடிவைத்தேன். பக்கத்து மேசைக்காரர் என்ன ஆயிற்று என்று கேட்டார். மூன்று நிமிடம் கழித்து, ஒன்றுமில்லை என்றேன்.